அந்த வக்கீலம்மா கற்பனை இல்லீங்க

மாஃபியா கதைன்னாலே நமக்குக் கண்ணு முன்னாடி வர்றது கோட்டு சூட்டு போட்ட வெள்ளைக்கார ஆம்பளைங்கதான். சுடுறதும் அவங்க, பிடிக்கிறதும் அவங்க, கோர்ட்ல நின்னு வாதாடுறதும் அவங்க.

ஹெச்பிஓவில் வந்த 'போர்டுவாக் எம்பயர்' பார்த்திருப்பீங்க. 2014-ல வந்த கடைசி சீசன்ல கறுப்பினப் பெண் ஒருவர் அரசு வழக்கறிஞரா வருவார். "1930கள்ல ஏதுங்க இப்படி ஒரு வக்கீல்? சும்மா டைவர்சிட்டிக்காகத் திணிச்சிருக்காங்க"ங்கிறது சில ரசிகர்களோட கோபம்.

ஆனா, நிஜமாவே இருந்தாங்க. பேரு யூனிஸ் ஹண்டன் கார்ட்டர். 1899-ல அட்லாண்டாவில் பிறந்தவர். அடிமைகளாக இருந்தவர்களின் பேத்தி.

1935-ல நியூயார்க் மாஃபியாவை ஒடுக்க தாமஸ் டூயி சிறப்பு அரசு வழக்கறிஞரா வர்றார். அவர் சேர்த்த 20 வக்கீல்கள்ல ஒரே பெண், ஒரே கறுப்பினத்தவர் கார்ட்டர்தான். பெரிய தாதாக்கள் மேல இருந்த வழக்குகள் மத்தவங்களுக்கு. இவருக்கு வந்தது விபச்சாரம் பற்றிய புகார் கடுதாசிகள். யாரும் மதிக்காத வேலை.

இங்கதான் எனக்கு எங்க ஓபி ஞாபகம் வருது. வெவ்வேற ஊர்லேருந்து வர்ற பத்துப் பேர் ஒரே மாதிரி அறிகுறி சொன்னா, நோய் பத்து இல்ல, ஒண்ணுதான்னு உஷாராகணும். கார்ட்டர் செஞ்சதும் அதேதான். இந்தப் பெண்கள் மேல போடற வழக்குகளை அவர் முன்னாடியே கீழ்க்கோர்ட்ல நடத்தியிருக்கார். சம்பந்தமே இல்லாத பெண்கள், ஆனா அதே வக்கீல்கள், ஜாமீனுக்கு அதே ஆட்கள், அதே கதை, அதே விடுதலை. அப்போ இது தனித்தனித் தொழில் இல்ல, மேலே ஒரே கை இருக்குனு கண்டுபிடிச்சார். டூயிக்கு முதல்ல இதுல ஆர்வமே இல்ல. இவர்தான் பேசி ஒத்துக்க வச்சார்.

1936 பிப்ரவரி 1 ராத்திரி, நகரம் முழுக்க ஒரே நேரத்துல சோதனை. பிடிபட்ட பெண்கள்ல பலர் வாயைத் திறந்தாங்க. அந்த நூலைப் பிடிச்சுப் போனா, மறுமுனையில லக்கி லூசியானோ! அதே வருஷம் ஜூன்ல 30லேருந்து 50 வருஷம் வரை சிறைத் தண்டனை.

ஆனா விசாரணையில முக்கியமான வாதங்கள் எதுவும் கார்ட்டருக்குத் தரப்படல. டூயி பின்னாடி நியூயார்க் ஆளுநர் ஆனார், ரெண்டு தடவை அதிபர் தேர்தல்ல நின்னார். 1937-லயே இந்த வழக்கை வச்சு 'மார்க்டு உமன்'னு சினிமா வந்தது. அரசு வழக்கறிஞரா ஹம்ஃப்ரி போகார்ட். கார்ட்டர் மாதிரி ஒரு பாத்திரமே அதுல இல்ல.

யோசிச்சுப் பாருங்க. 1937-ல அவரை விட்டுட்டுப் படம் எடுத்தப்ப அது இயல்பான கதை. 2014-ல அவர் மாதிரி ஒருத்தரைக் காட்டினா அது திணிப்பு!

கேஸ் ஷீட்ல முக்கியமான ஒரு வரி விட்டுப்போயிருந்தா அதை எழுதிச் சேர்க்கணும். அதுக்குப் பேரு சலுகை இல்லீங்க, திருத்தம்.