ஃபிட்டர் வரும் வரை

பழைய ட்ரில்லிங் மெஷின் வாங்கப் போகிறவர் பெயின்டைப் பார்க்கக் கூடாது. துருவுக்கும் பயப்பட வேண்டாம். மண்ணெண்ணெயும் எமரித் தாளும் இருந்தால் போய்விடும். பார்க்க வேண்டியது ஸ்பிண்டிலை. பிட்டைக் கவ்விப் பிடிக்கும் சக்கைக் கையால் பற்றி, பக்கவாட்டில் அசைத்துப் பார்க்க வேண்டும். ஆட்டம் தெரிந்தால் பேரிங் தேய்ந்திருக்கலாம், அதை மாற்றிக்கொள்ளலாம். சக்கைக் கழற்றிய பிறகும் ஸ்பிண்டில் கோணலாகச் சுற்றினால் அந்த மெஷினை விட்டுவிட்டு வந்துவிட வேண்டும்.

கோவை உக்கடத்தில் ஒரு பழைய இரும்புக் கடையில் நான் இப்படி அசைத்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது கடைக்காரர், "சார் வரலீங்களா மேடம்?" என்று கேட்டார்.

"எந்த சார்?"

"மெஷின் யாருக்குங்க?"

"எனக்குத்தான்."

அவர் சிரித்தார். மோசமான மனிதர் இல்லை. 7,000 ரூபாய்க்குப் பேசி முடித்து, ஆளை வைத்து வண்டியிலும் ஏற்றிக் கொடுத்தார். வண்டி கிளம்பும்போது, "சார்கிட்டச் சொல்லி மோட்டாரை மாத்திக்குங்க, இது த்ரீ பேஸ்" என்றார். அவர் சொன்னது சரி. வீட்டில் இருப்பது சிங்கிள் பேஸ். அரைக் குதிரைத்திறன், 1,440 ஆர்.பி.எம். சிங்கிள் பேஸ் மோட்டார் ஒன்றை வாங்கி நானே மாற்றினேன்.

வீட்டுக்குப் பின்னால் உள்ள ஷெட்டில் அலமாரி, ஸ்டூல் என்று சின்ன வேலைகள் செய்கிறேன். கையில் பிடிக்கும் ட்ரில்லில் எவ்வளவு கவனமாக இருந்தாலும் துளை கொஞ்சம் சாயும். வார்ப்பிரும்பில் செய்த இந்தப் பழைய மெஷின்களில் தூணும் மேசையும் அசையாது. துளை நேராக இறங்கும். அதற்காகத்தான் இது வேண்டியிருந்தது.

பச்சைப் பெயின்டைச் சுரண்டினால் அடியில் சாம்பல் நிறம். தூணைத் தேய்க்க மூன்று நாள் ஆனது. நான்காம் நாள் பெல்ட்டை மாட்டி ஓட விட்டேன். அம்மா வாசற்படியில் உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். தலையைத் தூக்காமலே, "மேல் பேரிங் போயிருச்சு கண்ணு" என்றார்.

அம்மா 22 வருடம் நூற்பாலையில் கோன் வைண்டிங்கில் வேலை பார்த்தவர். "சத்தம் மாறும்போதே தெரிஞ்சிரும். ஆனா நாங்க தொடக் கூடாது. ஃபிட்டரைக் கூப்பிடணும். அவரு டீ குடிச்சுட்டு, நாலு இடம் பாத்துட்டு வருவாரு. அதுவரைக்கும் கோன் ஓடாது. கோன் ஓடலைன்னா காசு இல்லை." ஃபிட்டர்கள் எல்லோரும் ஆண்கள். வைண்டிங்கில் இருந்தவர்கள் எல்லோரும் பெண்கள்.

தொடக் கூடாது என்று யார் சொன்னது? 2025 வரை நடைமுறையில் இருந்த, 1948ஆம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டத்தின் 22ஆம் பிரிவைப் படித்துப் பார்த்தேன். விசையைக் கடத்தும் இயந்திரப் பாகங்கள் ஓடிக்கொண்டிருக்கும்போது அவற்றைத் துடைக்கவோ, எண்ணெய் விடவோ, சரிசெய்யவோ பெண்களையும் இளையோரையும் அனுமதிக்கக் கூடாது என்றது. இளையோர் என்றால் 18 வயது நிரம்பாதவர்கள். பெண்ணுக்கு எத்தனை வயதானாலும் அவர்களோடுதான் சேர்த்தி. ஓடும் இயந்திரத்தைத் தொட வேண்டியவராக இருந்தவர் சிறப்புப் பயிற்சி பெற்ற வயதுவந்த ஆண். அவர் உடலோடு ஒட்டிய உடை அணிந்திருக்க வேண்டியிருந்தது. அந்த உடையை ஆலை நிர்வாகம் கொடுக்க வேண்டியிருந்தது.

ஆபத்து உண்மைதான். சுற்றும் சக்கில் துப்பட்டா மாட்டினால் கழுத்து போகும். அவிழ்ந்த கூந்தல் மாட்டினால் தலைத்தோல் உரியும். நான் துப்பட்டா போடாமல், முடியை இறுக்கக் கட்டிக்கொண்டுதான் ஷெட்டுக்குள் போகிறேன். கையுறையும் போடக் கூடாது, அதையும் பிட் சுருட்டிக்கொள்ளும். இரும்பைக் கையால் பிடிக்காமல் வைஸில் இறுக்க வேண்டும். பிட் அடிப்பக்கம் துளைத்து வெளியேறும் நேரத்தில்தான் இரும்பைக் கவ்விச் சுழற்றும். இவை எல்லாம் கற்றுக்கொள்கிற விஷயங்கள். அதே ஆபத்துக்கு, ஆணுக்குப் பயிற்சியும் உடையும் கிடைத்தன. பெண்ணுக்குத் தடை கிடைத்தது.

நின்றுகொண்டிருக்கும் இயந்திரத்தை, கரன்ட்டை அணைத்துவிட்டு, பெண் திறந்து பழுது பார்ப்பதை அந்தப் பிரிவு தடுக்கவில்லை. அம்மாவின் ஆலையில் அதைத் தடுத்தது வழக்கம். ஃபிட்டர் வேலைக்குக் கூலி அதிகம் என்பதையும் சேர்த்துத்தான் அந்த வழக்கத்தைப் பார்க்க வேண்டும்.

பிளக்கைப் பிடுங்கிவிட்டு, புல்லி, ஸ்பிண்டில் எல்லாம் கழற்றி மேசையில் வைத்தோம். பேரிங்கின் எண் அதன் மேலேயே பொறித்திருக்கும்: 6203. உள்விட்டம் 17 மி.மீ., வெளிவிட்டம் 40, அகலம் 12. புதியதை வாங்கி வந்தேன். தண்டில் ஏற்றும்போது உள்வளையத்தில் மட்டும்தான் அடி விழ வேண்டும். வெளிவளையத்தில் அடித்தால் அந்த அடி குண்டுகள் வழியாகப் போய், அவை ஓடும் பாதையில் பள்ளம் விழும்; புது பேரிங்கே சத்தம் போடும். சரியான அளவில் ஒரு குழாய்த் துண்டை உள்வளையத்தின் மேல் வைத்துப் பிடித்தேன். அம்மா சுத்தியலை எடுத்தார். சின்னச் சின்ன அடியாக, ஒரு பக்கமும் சாயாமல் இறக்கினார். ஸ்பிண்டிலைத் திரும்ப மாட்டி ஓட விட்டபோது பெல்ட்டின் சத்தம் மட்டும் கேட்டது.

"எவ்வளவு நேரம் ஆச்சு?" என்று கேட்டார்.

"பேரிங் மாத்தினது மட்டும்னா நாப்பது நிமிஷம்."

கையைத் துணியில் துடைத்துக்கொண்டே கணக்குப் போட்டார். "வாரத்துக்கு ஒரு மணி நேரம் ஃபிட்டருக்குக் காத்திருந்தோம்னு வெச்சாலும், வருஷத்துக்கு அம்பது மணி நேரம். 22 வருஷத்துக்கு ஆயிரத்து நூறு. எனக்கு ஒருத்திக்கு. எங்க வரிசையில இருபது பேரு இருந்தோம்."