எண்ணி வாங்குகிற கை

என் பேரன் சென்னையில் வேலை பார்க்கிறான். போன மாதம் ஒரு ராத்திரி போன் பண்ணி, "தாத்தா, முட்டி போட்டா வார்த்தையே வரமாட்டேங்குது. என்ன ஜெபம் பண்றதுன்னே தெரியல" என்றான். பாவம், குரல் நிஜமாகவே தளர்ந்திருந்தது.

"சாப்பிடுற மெஸ்ஸுக்கு இந்த மாசக் காசு குடுத்துட்டியாப்பா?" என்று கேட்டேன்.

கொஞ்ச நேரம் சத்தமில்லை. "ரெண்டு மாசம் பாக்கி இருக்கு. அதுக்கும் இதுக்கும் என்ன தாத்தா சம்பந்தம்?"

போனில் சொல்கிற சங்கதி இல்லை அது. எனக்கு 78 வயது. ஒரு காது மந்தம். அதனால் அவனுக்கே எழுத உட்கார்ந்தேன்.

நான் சபை மூப்பராக இருந்த காலம். ஐப்பசி. ஒரத்தநாட்டுக்குக் கிழக்கே எங்கள் வயலில் சம்பா நடவு அந்தச் சனிக்கிழமைதான் முடிந்தது. ஏழு பெண்கள், நாலு நாள் வேலை. நடவு முடிகிற அன்றைக்குச் சாயங்காலமே கூலி கொடுப்பது வழக்கம். பணம் என் பெட்டியில் இருந்தது. ஆனால் மறுநாள் கோயிலில் அறுப்பின் பண்டிகை. கையில் காசில்லாமல் மூப்பர் எப்படிப் போய் நிற்பது? "திங்கக்கிழமை வாங்கிக்கலாம்" என்றேன். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. சேற்றுக் காலை வாய்க்காலில் அலம்பிக்கொண்டு போய்விட்டார்கள்.

அறுப்பின் பண்டிகை என்றால் ஆராதனை முடிந்ததும் ஏலம் இருக்கும். வீட்டில் விளைந்ததை ஒவ்வொருவரும் கொண்டுவந்து பீடத்துக்கு முன்னால் வைத்திருப்பார்கள்: முருங்கைக்காய், சேவல், வாழைத்தார், ஒரு தூக்குப் பால். கடைத்தெருவில் ரெண்டு ரூபாய்க்குக் கிடைப்பது இங்கே இருபதுக்குப் போகும். போகட்டுமே, காணிக்கைதானே. அன்றைக்கு ஒரு பரங்கிக்காய் வந்தது. எனக்கும் இன்னொரு மூப்பருக்கும் போட்டி. அவர் ஏற்ற, நான் ஏற்ற, பிள்ளைகள் கைதட்ட, கடைசியில் பரங்கிக்காய் எனக்கு. உபதேசியார் மைக்கில் என் பெயரைச் சொல்லி ஸ்தோத்திரம் சொன்னார். ஏழு பெண்களின் நாலு நாள் கூலியில் பாதிக்கு மேல் அந்தக் காயில் போய்விட்டது.

தோளில் பரங்கிக்காய், கக்கத்தில் வேதாகமம். வழியில் மளிகைக் கடை. நடவுக்கு வந்த ஏழு பேரில் ஒருத்தி அங்கே அரைக்கிலோ அரிசி கடனுக்குக் கேட்டுக்கொண்டிருந்தாள். "பழைய பாக்கியக் கட்டிட்டுக் கேளு" என்றார் கடைக்காரர். என்னைப் பார்த்ததும் முகம் மாறி, "வாங்கண்ணே, என்ன வேணும்? காசு மெதுவாக் குடுக்கலாம்" என்றார்.

அவள் திரும்பிப் பார்த்தாள். என்னை, பிறகு பரங்கிக்காயை. 'எனக்குக் காசு தரவேண்டியவரே இவர்தான்' என்று ஒரு வார்த்தை கடைக்காரரிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பையை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு போனாள். ஊர் நடுவில் என் மானத்தைக் காப்பாற்றியவள் அவள்தான். அவள் எங்கள் சபையைச் சேர்ந்தவளும் இல்லை.

வீட்டில் என் சம்சாரம் காயைப் பார்த்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டாள்: "இது யாரு காசு?" பிறகு அவளே அரிசிப் பானைக்குள் கையைவிட்டு, சேர்த்துவைத்திருந்ததை எடுத்துக் கொடுத்தாள். குறைந்ததற்குப் பக்கத்து வீட்டில் கைமாற்று. அந்த வெயிலிலேயே ஏழு வீட்டுக்கும் நடந்தேன். கடையில் பார்த்தவள் வீட்டுக்குத்தான் முதலில் போனேன். அதுவரை என்னிடம் கூலியை எண்ணாமல் வாங்கி முந்தானையில் முடிந்துகொள்கிறவள், அன்றைக்கு என் முன்னாலேயே எண்ணினாள். கோபமாக இல்லை. நிதானமாக எண்ணினாள்.

பிடித்துவைத்த கூலி தானாகவே கூக்குரலிடும் என்று யாக்கோபு எழுதியதை எத்தனையோ தடவை சபைக்கு வாசித்துக் காட்டியிருக்கிறேன். நோட்டு எண்ணுகிற சத்தத்தில்தான் அது எனக்குக் கேட்டது.

கொடுக்காத காசைப் பற்றி இன்னொரு கதையும் உண்டு. தஞ்சாவூர் சிவகங்கைப் பூங்காவை ஒட்டி ஒரு பழைய ஆலயம் இருக்கிறது, 1779-இல் கட்டியது. உள்ளே ஒரு சலவைக்கல் சிற்பம். சுவார்ட்ஸ் ஐயர் என்ற மிஷனெரி மரணப் படுக்கையில் கிடக்கிறார். சரபோஜி மன்னர் அவர் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். மன்னரே சீமையில் ஃபிளாக்ஸ்மன் என்ற சிற்பியிடம் சொல்லிச் செய்வித்தது. 1750-இல் தரங்கம்பாடியில் வந்து இறங்கி, 1798-இல் தஞ்சாவூரிலேயே கண்மூடிய ஜெர்மானியருக்கு ஒரு மராட்டிய ராஜா இவ்வளவு செய்வானேன்? பையனாக இருந்த காலத்தில் சரபோஜிக்குப் பாதுகாப்பாக நின்றவர் அவர் என்பது ஒரு காரணம். எனக்குப் பெரிதாகப் படுவது அதற்கு முந்தைய ஒரு கதை.

1781-ஐ ஒட்டிய வருஷங்கள். ஹைதர் அலியின் படை நாடு முழுக்கப் பரவியிருக்கிறது. தஞ்சைக் கோட்டைக்குள் பஞ்சம். தெருவில் சனம் செத்து விழுகிறது. அரண்மனையில் பணம் உண்டு, நாட்டுப்புறத்தில் நெல்லும் உண்டு. ஏற்றிவர மாடுதான் இல்லை. மாடு இல்லாமல் இல்லை, மாட்டுக்காரர்கள் வரவில்லை. முன்னால் வாங்கியதற்கு அரண்மனை ஆட்கள் காசு கொடுக்கவில்லையே, எதை நம்பி வருவார்கள்? அப்போதைய ராஜாவின் வார்த்தைக்கு வராதவர்களை அழைக்கும்படி கடைசியில் சுவார்ட்ஸ் ஐயரைக் கேட்டார்கள். அவர் நாலா பக்கமும் எழுதினார். காசை என் கையாலேயே தருகிறேன், மாட்டை எதிரி ஓட்டிக்கொண்டு போனால் அதற்கும் நானே பொறுப்பு, இவ்வளவுதான் விஷயம். ஒன்றிரண்டு நாளில் ஆயிரத்துக்கு மேல் மாடு வந்து நின்றது. வந்து சேர்ந்த நெல் 80,000 கலம். எங்கள் கணக்கில் இரண்டு கலம் ஒரு மூட்டை. நாற்பதாயிரம் மூட்டைக்கு அந்த மாடுகள் எத்தனை நடை நடந்திருக்கும் என்று நீயே போட்டுப் பார்.

மாட்டோடு போனவர்கள் நம் நாட்டு உபதேசியார் ஒருவரும் மற்றக் கிறிஸ்தவர்களும். உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு போனார்கள். சலவைக்கல்லில் அவர்கள் முகம் இல்லை. அந்த ஆலயத்துக்குப் போகும்போதெல்லாம் எனக்கு அது உறுத்தும்.

அதற்குப் பிறகும் ஒன்று உண்டு. விளைந்ததைப் பிடுங்கிக்கொள்கிறார்கள் என்று நிலத்தைப் போட்டுவிட்டு ஓடிய குடியானவர்கள், இந்த மனிதர் சொன்னால் நம்பலாம் என்று 7,000 பேர் திரும்பிவந்து, பருவம் தப்புகிற நேரத்தில் விதைத்தார்கள். பிரசங்கத்தைக் கேட்டு வந்தவர்கள் இல்லை அவர்கள். சொன்னால் கொடுப்பார் என்று வந்தவர்கள். சரபோஜியும் கடைசிவரை ஞானஸ்நானம் வாங்கவில்லை. நம்ம ஒரத்தநாட்டில் முக்தாம்பாள் பெயரில் சத்திரம் கட்டி வழிப்போக்கர்களுக்குச் சோறு போட்ட ராஜா அவர்தான். அந்தத் தருமம் எங்கிருந்து வந்தது என்று நான் பங்கு பிரிக்கப் போவதில்லை.

சரி, ஜெபத்துக்கு வருகிறேன். உனக்கு வார்த்தை வராததில் எனக்குப் பெரிய கவலையில்லை. வார்த்தை அருவிபோல் கொட்டிய காலத்தில்தான் நான் பரங்கிக்காய் வாங்கினேன். இப்போது என் ஜெபமெல்லாம் ஒரு வரி, ரெண்டு வரி. பெரும்பாலும் வேலை நடக்கிற இடத்திலேயே.

நமக்குத் தண்ணீர் புதாற்றிலிருந்து வருகிறது. அதுதான் 1934-இல் மேட்டூர் அணையோடு சேர்ந்து வந்த கல்லணைக் கால்வாய், ஏறக்குறைய 148 கிலோமீட்டர். நாம் நடுவில் இருக்கிறோம். நமக்குக் கீழே பேராவூரணிப் பக்கத்துக் கடைமடைக்காரர்கள் வானத்தையும் வாய்க்காலையும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டு இருப்பார்கள். முறை வைத்துத் தண்ணீர் விடும்போது ராத்திரியில் டார்ச்சோடு போய், இன்னும் ஒரு மணி நேரம் மடையைத் திறந்து வைத்தால் யாருக்குத் தெரியப் போகிறது? மண்வெட்டியைக் கையில் பிடித்தபடியே சொல்லுவேன்: "ஆண்டவரே, என் வயல் நிறைஞ்சிடுச்சு. அடைக்கிறதுக்குக் கைக்கு பெலன் தாரும்." சில ராத்திரி இதைச் சொல்லிவிட்டும் பத்து நிமிஷம் சும்மா நின்றிருக்கிறேன். பொய் சொல்வானேன்.

கஜா புயல் வந்த ராத்திரி, 2018 நவம்பர் 16 விடிவதற்கு முன், ஓடு பறக்கிற சத்தத்தில் "எங்களைக் காப்பாத்தும்" என்று கத்தினேன். விடிந்து பார்த்தால் தென்னை அத்தனையும் தரையில், தெரு முழுக்க. அந்த 'எங்களை'க்குள் நான் யார் யாரை வைத்திருந்தேன் என்று எண்ணிப் பார்த்தேன். என் வீட்டில் இருந்த ஐந்து பேர். பல நாள் கரண்ட் இல்லை. யாரோ வாடகை ஜெனரேட்டரைத் தெருத்தெருவாக இழுத்துவந்து எல்லார் வீட்டுத் தொட்டிக்கும் தண்ணீர் ஏற்றினார்கள், என் தொட்டிக்கும்தான். யாருடைய ஜெபத்தில் நான் இருந்தேனோ. அன்றிலிருந்து 'எங்களை' என்று சொல்லிவிட்டு ஒரு மூச்சு நிறுத்தி, தெருவின் இந்த முனையிலிருந்து வீடுவீடாகப் பெயர் சொல்லுகிறேன். என்னோடு பேசாதவன் வீடு வரும்போது நாக்கு தடுக்கும். இருந்தாலும் அந்த வீட்டைத் தாண்டிப் போவதில்லை.

நீயும் இன்றைக்கு முட்டி போடாதே. மெஸ்ஸுக்குப் போய் ரெண்டு மாசத்தையும் கட்டிவிட்டு, "தாமதமாயிடுச்சுண்ணே, மன்னிச்சுக்கங்க" என்று வாய்விட்டுச் சொல். போகிற வழியில் என்ன தோன்றுகிறதோ அதை ஆண்டவரிடம் பேசிக்கொண்டே போ. வெட்கமாக இருந்தால் வெட்கமாக இருக்கிறது என்றே சொல்.

அன்றைக்கு என் முன்னால் எண்ணி வாங்கியவள் அதன்பிறகும் இருபது வருஷத்துக்கு மேல் எங்கள் வயலுக்கு வந்தாள். ஒரு தடவைகூட நான் கூலி தள்ளிவைத்ததில்லை. ஒரு தடவைகூட அவள் எண்ணாமல் வாங்கியதில்லை. இப்போது அவள் மகள் வருகிறாள்; அவளும் எண்ணித்தான் வாங்குகிறாள். வரப்பில் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, கடைசி நோட்டு வரைக்கும், நான் நிற்கிறேன்.