பல்லவியை மட்டும் கேட்டவள்

உங்களிடம் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ளப் போகிறேன். ஒரு பாட்டைப் பல வருஷங்கள் தப்பாகவே கேட்டு வந்தவள் நான்!

அமெரிக்கப் பாடகர் ப்ரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் 1984-ல் வெளியிட்ட 'பார்ன் இன் தி யு.எஸ்.ஏ.'தான் அது. டிரம் அதிர, பிறந்த நாட்டின் பெயரை உரக்கச் சொல்லும் பல்லவி. 'அடேயப்பா, என்ன தேசபக்தி!' என்று மெச்சிக்கொண்டேன்.

ஒரு நாள் என் பெண், "அம்மா, சரணத்தைக் கேட்டாயா?" என்றாள். கேட்டேன், வெட்கிப் போனேன். வியட்நாம் யுத்தத்துக்கு அனுப்பப்பட்ட ஓர் ஏழைத் தொழிலாளியின் கதை அது. உயிருக்குயிரானவனை அங்கே பறிகொடுத்தவன். ஊர் திரும்பி ஆலையில் வேலை கேட்டால் கையை விரிக்கிறார்கள். பத்து வருஷமாகியும் போக்கிடமில்லை. பல்லவியில் ஒலிப்பது வெறும் பெருமையா? ஆற்றாமையும் அல்லவா!

ஸ்பிரிங்ஸ்டீன் வைத்தியப் பரிசோதனையில் தேறாததால் யுத்தத்துக்குத் தப்பியவர். இளமையில் அவருடைய கோஷ்டியில் டிரம் வாசித்த தோழனோ, வியட்நாமில் மாண்டுபோனான். 1982-ல் வீட்டிலேயே, வெறும் கித்தாருடன் இதை அவர் பாடிப் பதிவு செய்தார். 1998-ல் வெளிவந்த அந்தப் பதிவில் சோகம் பளிச்சென்று தெரிகிறது.

ஏமாந்தது நான் மட்டுமா? 1984 செப்டம்பரில், நியூ ஜெர்ஸித் தேர்தல் கூட்டத்தில் ஜனாதிபதி ரீகனே ஸ்பிரிங்ஸ்டீன் பாட்டுக்களில் நம்பிக்கைச் செய்தி இருப்பதாகப் புகழ்ந்தார்!

இப்போதெல்லாம் யாராவது, "எனக்கென்ன, சௌக்கியம்!" என்று உரக்கச் சொன்னால், நான் உடனே நகர்ந்துவிடுவதில்லை. சரணத்துக்காகக் கொஞ்சம் காத்திருக்கிறேன். நீங்களும் காத்திருந்து பாருங்களேன்!