இருபது சதவீதம்

விபத்து இழப்பீட்டு வழக்குகளில் நான் சதவீதக் கணக்கில்தான் ஃபீஸ் வாங்கினேன். ஜெயித்தால் ஃபீஸ் என்று பேசக் கூடாது, கிடைக்கும் தொகையில் பங்கு கேட்கக் கூடாது என்று இந்திய பார் கவுன்சில் விதி சொல்கிறது. தெரிந்தேதான் செய்தேன். வக்காலத்தில் கையெழுத்து வாங்கும்போதே, தொகை எழுதாத காசோலைகளிலும் என் குமாஸ்தா கையெழுத்து வாங்கிவிடுவார். பணம் கட்சிக்காரரின் கணக்கில் ஏறியதும் இருபது சதவீதம் என்னிடம் வந்துவிடும்.

இதற்கு இரண்டு நியாயங்கள் வைத்திருந்தேன். கையில் காசில்லாதவர்களுக்கு வேறு யார் கேஸ் நடத்துவார்கள்? அவர்களுக்குக் கூடுதலாகக் கிடைத்தால்தானே எனக்கும் கூடும்? முதல் கேள்விக்கு 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தில் பதில் இருக்கிறது. பெண்களுக்கு, வருமானம் எவ்வளவாக இருந்தாலும், இலவச சட்ட உதவி உண்டு. கணவனை இழந்து என் அலுவலகப் படியேறிய எந்தப் பெண்ணிடமும் இதை நான் சொன்னதில்லை.

இரண்டாவது நியாயம் பொய் என்பதை ஒரு கொத்தனாரின் மனைவி விஷயத்தில் உணர்ந்தேன். லாரி மோதி இறந்தவருக்கு வயது 34. மனைவி, இரண்டு பிள்ளைகள், தாய். லோக் அதாலத்தில் இன்சூரன்ஸ் தரப்பு 19 லட்சத்துக்கு இறங்கி வந்தது. "கேஸ் நடத்தினா நாலஞ்சு வருஷம் இழுக்கும்மா. தீர்ப்பு வந்தாலும் ஹைகோர்ட்டுக்குப் போவாங்க. வர்றதை வாங்கிக்கங்க" என்றேன். "நீங்க சொன்னா சரி சார்" என்று கையெழுத்துப் போட்டார்.

நான் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. சொல்லாமல் விட்டதில்தான் எல்லாம் இருந்தது. கொத்தனாருக்குச் சம்பளச் சீட்டு ஏது? மாத வருமானம் 15,000 என்று தீர்ப்பாயம் வைத்துக்கொண்டால், 2017-இல் வந்த பிரணய் சேத்தி தீர்ப்பின்படி எதிர்கால உயர்வுக்கு 40 சதவீதம் சேர்க்க வேண்டும்; 21,000 ஆகும். நம்பியிருப்பவர்கள் நாலு பேர் என்பதால், இறந்தவரின் சொந்தச் செலவாகக் கால் பங்கைக் கழித்தால் 15,750. ஆண்டுக்கு 1,89,000. அந்த வயதுக்கு சர்லா வர்மா தீர்ப்பு தரும் பெருக்கும் எண் 16. முப்பது லட்சத்தைத் தாண்டுகிறது, வட்டி தனி. இந்தக் கணக்கை நான் அவருக்குப் போட்டுக் காட்டவில்லை. லோக் அதாலத்தில் முடித்தால் அதன் மேல் அப்பீல் கிடையாது என்பதையும் சொல்லவில்லை.

குறைந்த பதினொரு லட்சத்தில் என் பங்கு இரண்டே கால் லட்சம்கூட வராது. அதற்காகச் சாட்சி, வாய்தா, அப்பீல் என்று வருடக்கணக்கில் மெனக்கெடுவதைவிட, அந்த நேரத்தில் வேறு நாலு கேஸை முடித்துவிடலாம். அந்தப் பெண்ணுக்கோ என் பங்கு போகவும் ஒன்பது லட்சத்துக்குப் பக்கத்தில் நஷ்டம். பங்கு பேசிய அன்றே நான் அவருடைய வக்கீலாக இல்லாமல், சீக்கிரம் சரக்கைத் தள்ளிவிட நினைக்கும் கூட்டாளியாகிவிட்டேன். அந்த விதி எதற்காக இருக்கிறது என்பது அப்போதுதான் உறைத்தது.

பிற்பாடு அவருடைய தம்பி வேறொரு வக்கீலிடம் விசாரித்துவிட்டு வந்து நின்றார். "கம்பெனிகிட்ட எவ்வளவு வாங்குனீங்க சார்?" எனக்குக் கோபம் தலைக்கேறியது. ஒரு பைசா வாங்கவில்லை என்று கத்தி, அவரை வெளியே போகச் சொன்னேன். நிஜமாகவே வாங்கவில்லை. வாங்கியிருந்தால் அவருடைய அக்காவுக்கு என்ன நடந்திருக்குமோ, அதுவேதான் வாங்காமலும் நடந்திருந்தது. வக்கீல்கள் விலை போகிறார்கள் என்று யாராவது பேசினால் நாங்கள் கொதித்தெழுந்து ஆதாரம் கேட்கிறோம். அந்தத் தம்பியிடம் ஆதாரம் இல்லை. ஆனால் அவருடைய சந்தேகத்துக்குக் காரணம் இருந்தது.

இப்போது ஃபீஸை முன்கூட்டியே எழுத்தில் கொடுக்கிறேன். சமரசம் பேசும் முன் கணக்கைத் தாளில் போட்டுக் காட்டுகிறேன். இதனால் பழைய கணக்கு தீராது. வழக்கறிஞர் சட்டத்தின் 35-ஆம் பிரிவின் கீழ், கண்டிப்பதிலிருந்து பெயரை நீக்குவது வரை மாநில பார் கவுன்சிலுக்கு அதிகாரம் உண்டு. இந்த வாக்குமூலம் அங்கே போயிருக்க வேண்டும். தொழிலை இழக்கும் துணிச்சல் இல்லாததால், பெயர் போடாமல் இங்கே எழுதுகிறேன்.