கரிமூட்டப் புகையும் நோன்புக் கஞ்சியும்... அபிராமத்தில் என் தெரு!

போன மாதம் ஒரு வீடியோவுக்காகச் சென்னையில் ஒரு கிரில் சிக்கன் கடைக்குப் போயிருந்தோம். கேமராமேன் அண்ணன் அடுப்பை ஷூட் பண்ணிக்கொண்டிருக்க, நான் கடைக்குப் பின்னால் அடுக்கியிருந்த கரி மூட்டைகளையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"இது எங்கேருந்து வருதுண்ணே?" என்று மாஸ்டரிடம் கேட்டேன்.

"ராம்நாட் பக்கம்மா. சீமைக்கருவேலங் கரி. நின்னு எரியும்" என்றார்.

ஒரு துண்டை எடுத்து உடைத்துப் பார்த்தேன். உள்ளே பளபளவென்று இருந்தது. "நல்லா வெந்த கரி" என்று என்னையறியாமல் வாயில் வந்துவிட்டது. மாஸ்டர் ஆச்சர்யமாகப் பார்த்தார். "உனக்கு எப்படிம்மா தெரியும்?"

"எங்கப்பா கரிமூட்டம் போடுறவருண்ணே."

இந்த ஒரு வரியை சென்னையில் நான் யாரிடமும் சொன்னதில்லை. ஜர்னலிசம் டிப்ளோமா படித்தபோது ஹாஸ்டல் தோழிகளிடம்கூட, 'அப்பா விறகு பிசினஸ்' என்றுதான் சொல்லிவைத்திருந்தேன்.

சொந்த ஊர் அபிராமம். ராமநாதபுரம் மாவட்டம், கமுதி தாலுகா. ராமநாதபுரம் என்றதும், "வீட்டுக்குப் பக்கத்துலயே பீச்சா?" என்று கேட்பார்கள். எங்கள் ஊரில் கடல் கிடையாது. பார்த்திபனூரிலிருந்து கமுதி போகிற பஸ்ஸில் ஏறினால், இரண்டு பக்கமும் சீமைக்கருவேலம். நடுநடுவே மிளகாய்க் காடு, பனைமரம், கண்மாய்க் கரை. அப்படியே கண்ணயர்ந்தால் எங்கள் ஸ்டாப் போய்விடும்.

எங்கள் தெருவில் முக்கால்வாசி வீடுகள் ஓட்டு வீடுகள். ஆண்கள் மரம் வெட்டவும் மூட்டம் போடவும் போவார்கள். தை பிறந்துவிட்டால் பெண்களுக்கு மிளகாய்ப் பழம் எடுக்கிற வேலை. சாயங்காலம் அம்மா வீட்டுக்கு வந்ததும் முதலில் கையைத் தேங்காய் எண்ணெயில் தேய்ப்பார், அப்புறம் மோரில் முக்குவார். எதற்கும் எரிச்சல் அடங்காது. அந்த சீசன் முடிகிற வரை எங்கள் கண்ணில் தூசி விழுந்தால்கூட அம்மா எடுக்க மாட்டார். "அப்பத்தாகிட்ட போ" என்பார். சின்ன வயதில் அது எனக்குக் கோபமாக வரும். 2023-ல் ராமநாதபுரம் குண்டு மிளகாய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது, அந்தச் செய்தியை டெஸ்க்கில் டைப் செய்தது நான்தான். அம்மாவுக்கு போன் பண்ணிச் சொன்னேன். "அப்படின்னா கூலி கூடுமா?" என்று கேட்டார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

தண்ணீர் எங்களுக்கு எப்போதும் ஒரு வேலை. ஸ்கூல் விட்டு வந்ததும் குடங்களை அடுக்கிய தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு போவோம். போகும்போது காலி வண்டியில் தம்பி உட்கார்ந்து வருவான். வரும்போது எட்டுக் குடம் நிறைந்திருக்கும். ஒரு குடம் தளும்பினாலும் வீட்டில் திட்டு விழும். ராமநாதபுரம் மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு இந்த வண்டியின் சத்தம் தூக்கத்தில்கூடத் தெரியும்.

வருடத்தில் ஒரு மாதம் மட்டும் சாயங்காலத்துக்காகக் காத்துக்கிடப்போம். பக்கத்துத் தெரு முழுக்க முஸ்லிம் வீடுகள். ரம்ஜான் மாதம் பள்ளிவாசலில் நோன்புக் கஞ்சி கொதிக்கிற வாசம் எங்கள் தெரு வரைக்கும் வரும். தூக்குவாளியோடு வரிசையில் நிற்போம். 'நீ எந்த வீட்டுப் புள்ள?' என்று அங்கே யாரும் கேட்டதில்லை. அந்தத் தெருவில் வெளிநாட்டிலிருந்து லீவில் வருகிற மாமா ஒருவர், அப்பாவுக்கு மறக்காமல் ஒரு பாட்டில் கோடாலித் தைலம் கொடுப்பார். "நெஞ்சுல தேய்ச்சுக்கங்க மாப்ள. புகையிலயே கெடக்கீங்க" என்பார்.

புகையில்தான் கிடந்தார் அப்பா. மூட்டம் போடுவது லேசான வேலை இல்லை. வெட்டிய கட்டைகளைக் கூம்பு மாதிரி அடுக்க வேண்டும். தடித்த தூர்க் கட்டைகளுக்கு நடுவே இருக்கும் இடுக்குகளில் சின்னக் குச்சிகள். மேலே செத்தையைப் போட்டு மூடி, ஈர மண்ணைப் பூசி, சின்னதாக வாய் விட்டு நெருப்பு வைப்பார்கள். உள்ளே கட்டை எரியக் கூடாது, வேக வேண்டும். மூட்டத்தின் அளவைப் பொறுத்து நாலு நாளும் ஆகும், ஒரு வாரத்துக்கு மேலும் ஆகும். அதற்குள் எங்காவது மண் விரிந்து காற்று புகுந்துவிட்டால், மொத்தமும் சாம்பல். வெட்டுக்கூலியும் போச்சு, மூட்டக்கூலியும் போச்சு. அதனால் ராத்திரி முழுக்க யாராவது காவல் இருக்க வேண்டும்.

சனிக்கிழமை ராத்திரிகளில் அப்பாவுக்குச் சோறு கொண்டுபோவது என் வேலை. வெள்ளையாகக் குபுகுபுவென்று வரும் புகை, நாளாக ஆக மெலிந்து நீலம் பாரிக்கும். அதைப் பார்த்தே, "நாளைக்குக் காலையில வாயை அடைச்சிரலாம்" என்பார் அப்பா. வீட்டுக்கு வந்து என்ன சோப்பு போட்டுக் குளித்தாலும் என் தலைமுடியிலிருந்து அந்த வாசம் போகாது. ஸ்கூலில் பக்கத்தில் உட்காருகிற பிள்ளை மூக்கைச் சுளிப்பாள். 'விறகு பிசினஸ்' என்கிற பொய் அங்கேதான் ஆரம்பித்திருக்க வேண்டும்.

2017-ல் நான் ப்ளஸ் ஒன். உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவு போட்டு, சீமைக்கருவேலத்தை ஒழிப்பதைப் பற்றித் தமிழ்நாடே பேசிக்கொண்டிருந்த நேரம். மெக்சிகோ, தென் அமெரிக்கா பக்கத்திலிருந்து வந்த மரம் நம் நிலத்தடி நீரைக் குடிக்கிறது என்று வாட்ஸ்அப் முழுக்க மெசேஜ். ஸ்கூலிலிருந்து எங்களைக் கண்மாய்க்குக் கூட்டிப்போனார்கள். முள் கிழிக்கக் கிழிக்கச் செடிகளைப் பிடுங்கினோம். கையெல்லாம் ரத்தக் கீறலோடு, ஏதோ போருக்குப் போய் வந்த மாதிரி வீட்டுக்கு வந்து அப்பாவிடம் காட்டினேன்.

அப்பா கையைப் பிடித்துப் பார்த்தார். கோடாலித் தைலத்தை எடுத்து வந்தார். தேய்த்துக்கொண்டே சொன்னார்: "கண்மாய்க்குள்ள மொளைச்சா அது கெடுதல்தான் தாயி. அதைப் புடுங்குறது சரி. ஆனா இந்த வருசம் நம்ம வீட்டுல ஒல கொதிக்கிறது எதுலன்னு யோசிச்சியா?"

அது சாதாரண வருடம் இல்லை. முந்தைய வருடம் வடகிழக்குப் பருவமழை பொய்த்திருந்தது. ஜனவரியில் மாநிலத்தின் எல்லா மாவட்டங்களையும் வறட்சி பாதித்தவையாக அரசு அறிவித்திருந்தது. மிளகாய் கருகிப்போய், அம்மாவுக்கு வேலை இல்லை. எங்கள் தெருவில் அந்த வருடம் அடுப்பு எரிந்தது மூட்டக் கூலியில்தான். என் ஸ்கூல் பேக்கும் அந்தக் காசுதான். இது எதுவும் எனக்கு அன்றைக்கு உறைக்கவில்லை. "சார் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று கையை உருவிக்கொண்டு போய்விட்டேன். அப்பா அதற்கப்புறம் அதைப் பற்றிப் பேசவே இல்லை.

இப்போது அப்பா மூட்டத்துக்குப் போவதில்லை. இளைப்பு. புகைப் பக்கமே போகக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பலசரக்குக் கடை ஒன்றில் கணக்கு எழுதுகிறார். பழைய நாளைப் பற்றி எழுதும்போது எல்லாமே இனிப்பாகத் தெரிகிறது. ஆனால், அந்த நாள் திரும்ப வர வேண்டும் என்று எனக்கு ஆசையில்லை. அம்மாவின் கை எரிந்ததும், அப்பாவின் நெஞ்சு கெட்டதும் அந்த நாளில்தானே? அதை மறைத்ததுதான் இப்போது உறுத்துகிறது.

அன்றைக்கு கிரில் கடையிலிருந்தே அப்பாவுக்கு வீடியோ கால் போட்டேன். கரித்துண்டைக் கேமராவுக்குப் பக்கத்தில் காட்டி, "நம்ம ஊர்க் கரிப்பா. நல்லா வெந்திருக்குல்ல?" என்றேன்.

அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். "எங்க, திருப்பு. அந்த ஓரத்துல பழுப்பா தெரியுது பாரு. ஒருநாள் முந்திப் பிரிச்சிருக்கான். இன்னும் வெந்திருக்கணும்."

பக்கத்தில் நின்ற மாஸ்டர் என் கையிலிருந்த போனை வாங்கிக்கொண்டார். "ஐயா, அதான் ஒரு வாரமா புகையுது. மூட்டையைப் பார்த்து எப்படி வாங்குறதுன்னு கொஞ்சம் சொல்லுங்களேன்" என்றார்.

இரண்டு பேரும் இருபது நிமிஷம் பேசினார்கள். ஷூட் லேட் ஆனதற்காக ஆபீஸில் எனக்குத்தான் திட்டு விழுந்தது!