மைத்துனர் கோபம்

மதுரையிலிருந்து திண்டுக்கல் செல்லும் சாலையில், வைகைக்கு வடபுறம் இருக்கிறது விளாங்குடி. 2011-இல் மாநகராட்சியோடு சேர்ந்துவிட்டது. ஆயினும் மாமனார் வீட்டுக்குச் செல்லும் மாப்பிள்ளைக்கு அது இன்றும் கிராமந்தான்!

அதற்கும் மேற்கே தேனூர். முற்காலத்தில் அழகர் ஆற்றில் இறங்கியது அங்கேதான். மண்டூக மகரிஷியின் சாபந் தீர்க்கவே அவர் வருகிறார் என்பது அழகர்கோயில் ஐதிகம். அவ்விழாவை மீனாட்சி கல்யாணத்தோடு இணைத்தவர் 1623 முதல் 1659 வரை ஆண்ட திருமலை நாயக்கர் என்பர். தங்கை விவாகம் தாம் வருமுன் முடிந்ததென்று அழகர் கோபித்துத் திரும்பியதாக ஜனங்கள் கதை கட்டினார்கள். திருப்பரங்குன்றத்துப் பவளக்கனிவாய்ப் பெருமாள் நேரத்தில் வந்து தாரை வார்த்துக் கொடுக்கிறார். அவரைப் பற்றி யார் பேசுகிறார்கள்? பிணக்கில்லாத உடன்பிறப்பை நம்மவர் நம்புவதில்லை போலும்.

என் வீட்டில் தமையன் எதிரே தம்பி உட்காரமாட்டான். சண்டையும் இல்லை, சிரிப்பும் இல்லை. விளாங்குடியிலோ அண்ணனும் தங்கையும் காலைக் காப்பியுடனேயே வழக்காடத் தொடங்கிவிடுவார்கள். எங்கள் கிரகப்பிரவேசத்துக்கு அழைப்புத் தாமதித்ததென்று இரண்டு வருஷமாக மைத்துனர் எங்கள் வாசற்படி மிதிக்கவில்லை. சென்ற சித்திரையில் பேச்சு அழகரிடம் வந்தது.

"அண்ணன் வருமுன் தாலி கட்டினால் அவர் திரும்பத்தானே செய்வார்?" என்றார் மைத்துனர்.

"வருஷந்தோறும் ஆறு வரை வருகிறவருக்கு அக்கரை அவ்வளவு தூரமா, அண்ணே?" என்றாள் என் மனைவி.

மாமியார் ஒன்றும் சொல்லாமல் இருவர் நடுவிலும் ஒரே செம்பில் பானகம் வைத்துச் சென்றார். வெகு நேரங் கழித்து மைத்துனர் என் பக்கம் திரும்பினார்.

"உங்கள் ஊருக்குக் கடைசிப் பஸ் எத்தனை மணிக்கு, மாப்பிள்ளை?"