காப்பி மணக்கும் சேர்வராயன் மலை

கோடை விடுமுறை நெருங்கிவிட்டால் நம் இல்லங்களில் எழும் முதற் கேள்வி, "இவ்வாண்டு எங்கே போகலாம்?" என்பதுதான். ஊட்டி என்றும் கொடைக்கானல் என்றும் பிள்ளைகள் அடுக்குவார்கள். செலவுக் கணக்கைப் போட்டுப் பார்த்ததும் வாப்பா மௌனமாகிவிடுவார். அத்தகைய குடும்பங்களுக்கென்றே வல்ல அல்லாஹ் சேலத்திற்கு அருகில் ஒரு மலையை நிறுத்தி வைத்திருக்கிறான் என்று சொல்லத் தோன்றுகிறது. 'ஏழைகளின் ஊட்டி' என மக்கள் அன்போடு அழைக்கும் ஏற்காடுதான் அது.

கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியான சேர்வராயன் மலையில், கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் இவ்வூர் அமைந்திருக்கிறது. ஏரியும் காடும் சேர்ந்த இடமாதலால் ஏற்காடு எனப் பெயர் பெற்றது என்பர். சேலத்திலிருந்து சுமார் 30 கிலோ மீட்டர் தூரமே. அரசுப் பேருந்துகள் நாள்தோறும் சென்று வருகின்றன. அடிவாரம் தாண்டியதும் பயண துஆவை ஓதிக்கொள்ளுங்கள். 20 கொண்டை ஊசி வளைவுகளில் வண்டி ஏறத் தொடங்கும். ஒவ்வொரு வளைவிலும் வெயிலின் வேகம் தணிந்து, காற்றில் குளிர் கூடுவதை நீங்களே உணர்வீர்கள். குப்பனூர் வழியாக இன்னொரு மலைப்பாதையும் உண்டு. கனமழைக் காலத்தில் மட்டும் விசாரித்துவிட்டுப் புறப்படுங்கள். 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழையின்போது மண் சரிந்து மலைப்பாதையில் போக்குவரத்து நிறுத்தப்பட்டதை மறந்துவிடலாகாது.

மேலே செல்லச் செல்ல, சாலையின் இருபுறமும் பச்சைப் பசேலெனக் காப்பித் தோட்டங்கள் விரியும். இந்தச் செடிக்கும் நமக்கும் ஒரு பழைய உறவு உண்டு. காப்பியைப் பானமாக்கி உலகுக்கு அளித்தவர்களுள் முதன்மையானவர்கள் ஏமன் நாட்டு முஸ்லிம்கள். 15ஆம் நூற்றாண்டில் அங்கிருந்த சூஃபிப் பெருமக்கள், இரவு வணக்கத்தில் உறக்கம் மேலிடாதிருக்க இதனை அருந்தினர். 'கஹ்வா' என்னும் அரபுச் சொல்லே துருக்கியரின் நாவில் மாறி, ஐரோப்பாவை அடைந்து, பின்னர் 'காப்பி'யாக நம்மிடம் வந்து சேர்ந்தது. பாபா புதன் என்னும் இறைநேசர் ஏமனின் மொக்கா துறைமுகத்திலிருந்து ஏழு விதைகளைக் கொண்டுவந்து, இன்றைய கர்நாடகத்தின் சிக்மகளூர் மலையில் ஊன்றினார் என்பது வழிவழியாக வரும் செய்தி. அம்மலை இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது. 1820களில் சேலம் கலெக்டராயிருந்த காக்பர்ன் என்பவர் ஏற்காட்டில் காப்பிப் பயிரைத் தொடங்கி வைத்தார். அதற்கு முன்பு, 1792ஆம் ஆண்டு சீரங்கப்பட்டண உடன்படிக்கை வரையில், இந்தச் சேலம் பகுதி மாவீரர் திப்பு சுல்தானின் ஆட்சியில் இருந்தது என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். பாடப் புத்தகத்தில் படித்த வரலாறு கண்முன்னே மலையாக நிற்பதை அவர்கள் காணட்டும்.

மார்ச், ஏப்ரல் மாதங்களில் ஒரு மழை பெய்துவிட்டால் போதும். காப்பிச் செடிகள் வெள்ளை வெளேரென்று பூத்துவிடும். மல்லிகையை ஒத்த அந்த மணம் சில நாட்களே நீடிக்கும். நவம்பர் முதல் சிவந்த பழங்களைப் பறிக்கத் தொடங்குவார்கள். நிழலுக்காக நட்ட சில்வர் ஓக் மரங்களில் மிளகுக் கொடி ஏறியிருக்கும். ஒரே நிலத்தில் மேலே நிழல், நடுவே மிளகு, கீழே காப்பி என மூன்றும் ஒன்றுக்கொன்று துணை நிற்பதைக் காணும்போது, படைப்பைச் சிந்திக்குமாறு திருமறை நம்மை ஏன் மீண்டும் மீண்டும் அழைக்கிறது என்பது விளங்கும்.

இனி, பார்க்க வேண்டிய இடங்களைச் சொல்கிறேன். ஊரின் நடுவே உள்ள ஏரியில் படகுச் சவாரி உண்டு. அதையொட்டி அண்ணா பூங்கா இருக்கிறது. சீமாட்டி இருக்கை எனப்படும் லேடீஸ் சீட் முனையில் மாலையில் சென்று நில்லுங்கள். ஏறி வந்த பாதை பாம்பென நெளிந்து கிடக்கும். மஃரிப் வேளை கடந்ததும் கீழே சேலம் மாநகரின் விளக்குகள், கொட்டிக் கிடக்கும் முத்துக்களைப் போல் ஒளிரும். கிழக்கே பகோடா முனையிலிருந்து மலையடுக்குகளையும் பள்ளத்தாக்கின் சிற்றூர்களையும் காணலாம். இந்தியத் தாவரவியல் ஆய்வுத் துறையின் ஆர்க்கிட் தோட்டம் மாணவர்கள் தவறவிடக் கூடாத இடம். பூச்சிகளைப் பிடித்து உண்ணும் மேகாலயக் குடுவைச் செடியையும் அங்கே வளர்த்து வருகிறார்கள்.

மலையின் உச்சிப் பகுதியில், சுமார் 1,620 மீட்டர் உயரத்தில், சேர்வராயன் குகைக் கோயில் இருக்கிறது. மலைவாழ் மக்கள் மே மாதத்தில் அங்கே திருவிழா எடுக்கிறார்கள். அது அவர்களின் வழிபாட்டிடம். அதற்குரிய கண்ணியத்தோடு விலகி நின்று, பரந்த அந்த மேட்டுவெளியின் காற்றையும் காட்சியையும் நாம் அனுபவிக்கலாம். 'மலையாளி' என்று அழைக்கப்படும் இம்மக்கள் கேரளத்தவர் அல்லர். தமிழ் பேசும் பழங்குடியினர். தம் முன்னோர் காஞ்சியிலிருந்து மலையேறி வந்தவர்கள் என்று கூறிக்கொள்பவர்கள். சாமையும் தினையும் விளைவித்து வாழ்ந்த அவர்களுள் பலர் இன்று தோட்டங்களில் கூலிக்கு உழைக்கிறார்கள். சாலையோரத்தில் அவர்கள் விற்கும் பலாச்சுளையையோ கொய்யாவையோ மிளகையோ வாங்கும்போது, பெரிய கடையில் கேட்காத பேரத்தை அந்த ஏழைப் பெண்ணிடம் கேட்காதீர்கள்.

ஊரிலிருந்து சுமார் 3 கிலோ மீட்டர் தொலைவில் கிளியூர் நீர்வீழ்ச்சி உள்ளது. மழைக்காலத்தை ஒட்டிச் சென்றால்தான் நீர் இருக்கும். இறங்கும் வழி செங்குத்தானது, பாறைகள் வழுக்கும். பிள்ளைகளின் கையை விடாதீர்கள். முதியவர்கள் மேலேயே இருந்துவிடுவது நலம்.

இந்த நீர்வீழ்ச்சியைப் பற்றி இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஏரி நிரம்பி வழியும் நீர்தான் கிளியூரில் அருவியாகக் கொட்டுகிறது. ஏரிக்கரையில் நாம் வீசியெறியும் பொட்டலமும் புட்டியும், கழுவி ஊற்றும் எண்ணெய்க் கழிவும் அவ்வழியே சென்று கீழே உள்ளவர்களின் நீரில் கலக்கும். ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தமிழக அரசு 2019 ஜனவரி முதல் தடை விதித்திருக்கிறது. ஆனால் சட்டத்திற்கு வெகு காலம் முன்பே நமக்கு ஒரு கட்டளை வந்துவிட்டது. பாதையில் கிடக்கும் தொல்லையை அகற்றுவது ஈமானின் ஒரு கிளை என்று நம் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கற்பித்துச் சென்றார்கள். அகற்றுவது ஈமானின் கிளை என்றால், தொல்லையைக் கொண்டுபோய்ப் போடுவது எதன் கிளை? ஒரு பேருந்து நிறைய நம்மவர்கள் வந்து உண்டு எழுந்த இடம், அவர்கள் வருவதற்கு முன்பிருந்ததைவிடத் தூய்மையாக இருக்குமானால், அதைவிடச் சிறந்த மார்க்க அழைப்பு வேறு எதுவும் இல்லை. குரங்குகளுக்குத் தின்பண்டம் எறிவதையும் தவிர்த்துவிடுங்கள். காட்டில் தேடித் தின்ன வேண்டிய பிராணி சாலைக்கு வந்து வண்டியில் அடிபடுவதற்கு அந்தப் பழக்கமே வழி செய்கிறது.

இல்லத்தலைவர்களுக்கு ஒரு வேண்டுகோள். சுற்றுலா என்றால் அடுப்பும் தேக்சாவும் அரிசி மூட்டையும் ஏற்றிக்கொண்டு போவது நம்மில் வழக்கம். ஆண்கள் படகில் செல்ல, பெண்கள் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருப்பார்கள். ஆண்டு முழுவதும் அடுப்படியில் நின்றவர்கள் மலைக்கு வந்தும் புகையில்தான் நிற்க வேண்டுமா? இருநாள் எளிய உணவே போதும் என்று முடிவு செய்து, உம்மாவையும் மனைவியையும் லேடீஸ் சீட்டின் குளிர்காற்றில் சற்றே உட்கார வையுங்கள். இந்தப் பயணத்தின் உண்மையான பயன் அதுதான்.

தொழுகையை மட்டும் எங்கும் தவறவிடாதீர்கள். ஒரு விரிப்பும் ஒளூவுக்கு ஒரு குடம் நீரும் உடனிருந்தால், தூய்மையான எந்தப் புல்வெளியும் நமக்குத் தொழுமிடமே. பயணத் தொழுகையின் சலுகைக்குச் சேலத்திலிருந்து வருவோருக்கு இந்தத் தூரம் போதாது. தொலைவிலிருந்து வருவோர், சுருக்கித் தொழுவதையும் சேர்த்துத் தொழுவதையும் பற்றித் தங்கள் மத்ஹபின் சட்டத்தை ஆலிமிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

மே மாதக் கோடை விழாவின்போது கூட்டமும் வாடகையும் மிகும். அமைதியை விரும்புவோர் மழை ஓய்ந்த குளிர்காலத்தில் செல்லலாம். அப்போது கம்பளியும் போர்வையும் அவசியம். தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் விடுதியும் அங்கே உண்டு. முன்பதிவு செய்துகொண்டு புறப்படுங்கள். மலை நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம்; நம் பேரப் பிள்ளைகளும் அதன் குளிரை நுகர வேண்டும். இன்ஷா அல்லாஹ், சென்று வாருங்கள். வெறும் பார்வையாளராக அல்லாமல் பாதுகாவலராகச் சென்று வாருங்கள்.